தெளிப்புக் குழு வருமுன்: கருங்காய்ச்சல் ஒழிப்பில் இல்லத்தின் பங்கு

ஒரு சுகாதாரத் திட்டத்தின் செலவைக் கணக்கிடும்போது மருந்தின் விலை, கருவிகளின் விலை, பணியாளரின் ஊதியம், போக்குவரத்து ஆகியவை ஏட்டில் இடம்பெறுகின்றன. ஏட்டில் இடம்பெறாத செலவு ஒன்றும் உண்டு. பூச்சிகொல்லி தெளிக்கும் குழு வாசலுக்கு வருமுன் வீட்டைக் காலி செய்து, சுவரை வெறுமையாக்கி, உணவையும் நீரையும் பாதுகாத்து வைக்கும் இல்லத்தாரின் உழைப்பே அது. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் நடைபெற்றுவரும் கருங்காய்ச்சல் ஒழிப்புப் பணியில் இந்த உழைப்பு முக்கிய இடத்தைப் பெறுகிறது. வீடு ஆயத்தமாக இல்லையெனில் மருந்தும் பம்பும் ஊதியமும் சேர்ந்து பாதிப் பயனைக்கூடத் தருவதில்லை. இந்த ஆயத்தம் எவ்வாறு அமைய வேண்டும், அது ஏன் பல இடங்களில் நடைபெறாமற் போகிறது, நிர்வாகம் இதில் செய்யத்தக்கது என்ன என்பன ஆராயத்தக்கவை.

நோயும் அதன் வழியும்

காலா-அசார் எனப்படும் கருங்காய்ச்சல் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. இந்த ஒட்டுண்ணியை 1903-ஆம் ஆண்டில் லீஷ்மன், டோனோவன் ஆகிய இருவர் தனித்தனியே கண்டறிந்தனர். டோனோவன் சென்னையில் பணியாற்றிய மருத்துவர். இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனோவனி’ என்று அதற்குப் பெயரிடப்பட்டது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரத்தச் சோகை, உடல் மெலிவு ஆகியன இந்நோயின் அறிகுறிகள். சிகிச்சை பெறாதவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்துவிடுகின்றனர்.

நோயாளியின் இரத்தத்திலிருந்து நலமாக இருப்பவரின் உடலுக்கு ஒட்டுண்ணியைக் கொண்டு செல்வது மணல் ஈ. கொசுவைவிடச் சிறிய இப்பூச்சியின் நீளம் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டரே. அது நெடுந்தொலைவு பறப்பதில்லை. தத்தித் தத்தியே செல்லும். பகலில் இருண்ட மூலைகளிலும் சுவர் வெடிப்புகளிலும் தங்கி, அந்திக்குப் பின் கடிக்கும். கொசுவைப்போல் நீரில் முட்டையிடுவதுமில்லை. ஈரமும் சாணமும் மட்கிய பொருள்களும் கலந்த மண்ணில், குறிப்பாக மாட்டுக் கொட்டகைகளிலும் மண் சுவர்களின் அடியிலும் அது பெருகுகிறது. எனவே சாக்கடையைத் தூர்வாருவதாலோ, தேங்கிய நீரில் மருந்து இடுவதாலோ மணல் ஈயை ஒழிக்க இயலாது. அது தங்கும் சுவரே அதனைத் தாக்குவதற்குரிய இடம்.

இந்தியாவில் இந்நோய்க்கு மனிதனைத் தவிர வேறு உயிர் இருப்பிடமாக அமைவதில்லை. நோயாளியை விரைவில் கண்டறிந்து குணப்படுத்துவதும், மணல் ஈயைக் கட்டுப்படுத்துவதும் ஒருங்கே நடைபெற்றால் நோயின் சங்கிலி அறுந்துபோகும். சிகிச்சை முறை இன்று எளிதாகிவிட்டது. 2014 முதல் ஒரே தவணையில் செலுத்தப்படும் மருந்து நோயாளிகளுக்கு இலவசமாக அளிக்கப்பட்டு வருகிறது. மணல் ஈயைக் கட்டுப்படுத்தும் பணியோ ஒவ்வொரு வீட்டின் உள்ளேயும் நுழைந்து செய்யப்பட வேண்டியதாக இருக்கிறது.

கடந்த காலம் தரும் பாடம்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் என்றும், 8 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்தது. மலேரியாவுக்காகத் தெளித்த மருந்து மணல் ஈயையும் கொன்றமையால், கருங்காய்ச்சலும் பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. கொசுக்கள் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றமை, மருந்து வழங்கலில் ஏற்பட்ட தட்டுப்பாடு, கண்காணிப்பு தளர்ந்தமை ஆகிய பல காரணங்களால் மலேரியா மீண்டும் எழுந்தது. 1976-இல் 64 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். தெளிப்பு நிறுத்தப்பட்ட பீகார் மாவட்டங்களில் எழுபதுகளில் கருங்காய்ச்சலும் திரும்பி வந்தது. 1990-91-இல் இந்நோய்க்கெனத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. எனினும் 1992-ஆம் ஆண்டில் மட்டும் 77,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும், அவர்களில் 1,400-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் பதிவாயிற்று.

2002-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை 2010-க்குள் கருங்காய்ச்சலை ஒழிக்க வேண்டும் என்று இலக்கு குறித்தது. அந்த ஆண்டு பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. நோய் காணப்படும் வட்டாரங்கள் 633. ஒவ்வொரு வட்டாரத்திலும் 10,000 மக்களுக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளிகள் இருத்தல் வேண்டும் என்பதே இலக்கு. 2022-இல் ஜார்க்கண்டின் பாக்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த லிட்டிபாரா வட்டாரம் ஒன்றே எஞ்சி நின்றது. 2023-ஆம் ஆண்டு இறுதியில் எல்லா வட்டாரங்களும் இலக்கை எட்டின. 2007-இல் 44,000-க்கும் மேலாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2023-இல் 600-க்கும் கீழே இறங்கியிருந்தது. இந்நிலை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நிலைத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சான்றளிப்பதற்கு வைத்துள்ள விதி.

நோய் குறையும்போது அதன்மீதுள்ள அச்சமும் குறைகிறது. ஊரில் நோயாளியே இல்லாதபோது, வீட்டைக் காலி செய்து மருந்து தெளித்துக்கொள்ள எவரும் முன்வரார். அறுபதுகளின் வெற்றிக்குப் பின் நேர்ந்ததை நினைவிற் கொண்டால் இக்காலக்கட்டமே மிகுந்த எச்சரிக்கைக்கு உரியது என்பது விளங்கும்.

சுவரில் மருந்து வேலை செய்யும் விதம்

வீட்டுச் சுவரில் மருந்து தெளிக்கப்படுவது, அந்நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் பூச்சிகளைக் கொல்வதற்காக மட்டுமன்று. தெளித்த நீர் உலர்ந்தபின் மருந்து மெல்லிய படலமாகச் சுவரில் தங்குகிறது. இரத்தம் குடித்த மணல் ஈ இளைப்பாறச் சுவரில் அமரும்போது அப்படலத்தின்மேல் கால் வைத்து மடிகிறது. படலத்தின் ஆற்றல் சில மாதங்கள் வரை நீடிக்கிறது. அதனால்தான் ஆண்டுக்கு இரு சுற்றுகள் போதும் என வகுக்கப்பட்டுள்ளது.

நெடுங்காலம் டி.டி.டி.யே பயன்பட்டு வந்தது. பீகாரில் மணல் ஈ அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டமை உறுதியானதால், 2015 முதல் படிப்படியாக ஆல்ஃபா-சைபர்மெத்ரின் என்னும் மருந்து கொண்டுவரப்பட்டது. இருவர் சேர்ந்து இயக்கிய பழைய வகைப் பம்புகளுக்கு மாற்றாக, காற்றழுத்தத்தால் இயங்கும் கைப்பம்புகள் வழங்கப்பட்டன. டி.டி.டி. ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம் வேண்டியிருந்தது. புதிய மருந்து 25 மில்லிகிராமே போதும்.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட ஓர் அறையின் நான்கு சுவர்களின் மொத்த நீளம் 40 அடி. மணல் ஈ உயரப் பறக்காதாகையால் தரையிலிருந்து ஆறடி உயரம் வரை தெளித்தால் போதும். ஆக 240 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 22 சதுர மீட்டர் பரப்புக்கு மருந்து தேவைப்படுகிறது. அதற்குரிய மருந்தின் அளவு அரைக் கிராமுக்குச் சற்று மிகுதி. அத்துணை மெல்லிய படலமே அக்குடும்பத்துக்குக் காவல். அதே அறையில் எட்டடி நீளச் சுவரைத் தானியக் குதிரும் மூட்டைகளும் பெட்டிகளும் மறைத்திருக்குமாயின், ஐந்தில் ஒரு பங்குச் சுவர் மருந்தின்றி விடப்படுகிறது. பொருள்களுக்குப் பின்னே உள்ள இருண்ட இடமே மணல் ஈ விரும்பித் தங்கும் இடமாதலால், விடுபடும் அந்த ஒரு பங்கே மிகவும் வேண்டப்பட்ட பங்காகும்.

தெளிப்புக்கு முன் செய்ய வேண்டியவை

குழு வரும் நாளை ஆஷா பணியாளரோ ஊர்த் தலைவரோ முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்ததும் வீட்டார் செய்ய வேண்டிய பணிகள் பின்வருவன.

முதலாவதாக, சுவர் மெழுக வேண்டியிருந்தால் அதனைத் தெளிப்புக்கு முன்னரே முடித்துச் சுவரை உலரவிட வேண்டும். பெரிய வெடிப்புகளையும் பொந்துகளையும் அப்போதே மண்ணால் அடைத்துவிடலாம். சுவரிலும் கூரையின் ஓரங்களிலும் உள்ள ஒட்டடையை அடித்தல் வேண்டும். ஒட்டடைமேல் படியும் மருந்து சுவரைச் சேர்வதில்லை.

இரண்டாவதாக, உணவுப் பொருள்கள், சமையற் கலங்கள், குடிநீர்ப் பானைகள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள், ஆடைகள், படுக்கைகள் ஆகியவற்றை வீட்டுக்கு வெளியே கொண்டு செல்ல வேண்டும். மழை பெய்யுமாயின் அவற்றை வைக்க மாற்றிடம் எதுவென்று முன்பே முடிவு செய்தல் நலம். வெளியே எடுக்க இயலாத கனமான பொருள்களைச் சுவரிலிருந்து விலக்கி அறையின் நடுவே குவித்துத் துணியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூட வேண்டும். சுவரோடு சேர்த்துக் கட்டிய மண் குதிரை நகர்த்த இயலாது. அதன் வாயை நன்கு மூடி, பக்கத்துச் சுவரையாவது வெறுமையாக்க வேண்டும். சுவரில் மாட்டிய படங்கள், நாட்காட்டிகள், கயிற்றில் தொங்கும் துணிகள் ஆகியவற்றைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, மாடுகள், ஆடுகள், கோழிகள் ஆகியவற்றைத் தொலைவில் கட்ட வேண்டும். மாட்டுக் கொட்டகை தெளிப்பில் விடுபடலாகாது. அடுப்படியில் எரியும் நெருப்பை முற்றிலும் அணைத்துவிட வேண்டும். தேனீ, பட்டுப்புழு, மீன் ஆகியவற்றுக்கு இம்மருந்து கொடியதாகையால், பட்டுப்புழு வளர்ப்போரும் தேன்கூடு வைத்திருப்போரும் அதனைக் குழுவினரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

நான்காவதாக, வீட்டில் உள்ள அனைவரும் வெளியேற வேண்டும். கருவுற்ற மகளிர், கைக்குழந்தைகள், முதியோர் ஆகியோர் தங்குவதற்கு அண்டை வீட்டிலோ மர நிழலிலோ இடம் பார்த்து வைத்தல் வேண்டும். படுக்கையிலிருந்து எழ இயலாத நோயாளி உள்ள அறையில் தெளித்தல் கூடாது. அத்தகைய வீட்டைக் குறித்துக்கொண்டு பிறிதொரு நாளில் வருவது குழுவின் கடமை.

தெளிக்கும்போதும் அதன் பின்னரும்

தெளிப்பவர் சுவருக்கு ஒரே தொலைவில் நின்று, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பட்டை பட்டையாகத் தெளிக்க வேண்டும். ஒரு பட்டையின் ஓரம் அடுத்த பட்டையின்மேல் சற்றே படிதல் வேண்டும். மருந்து சுவரில் வழிந்தோடினால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். சுவர் புள்ளி புள்ளியாக நனைந்து காணப்பட்டால் அளவு குறைந்துவிட்டது என்று பொருள். வீட்டார் ஒருவர் வாசலில் நின்று எந்த அறையும் விடுபடாதபடி பார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் குழுவினர் கதவிலோ வெளிச்சுவரிலோ நாளையும் தெளித்த அறைகளின் எண்ணிக்கையையும் குறித்துச் செல்வர். அக்குறிப்பை அழித்துவிடலாகாது.

மருந்து முற்றிலும் உலரும்வரை, குறைந்தது இரண்டு மணிநேரம், எவரும் உள்ளே செல்லலாகாது. பின்னர்க் கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். தரையைப் பெருக்கி, செத்த பூச்சிகளையும் குப்பையையும் புதைத்துவிட வேண்டும். கோழிகள் அவற்றைக் கொத்தித் தின்ன விடலாகாது. தரையைப் பெருக்கிய பின்னரே குழந்தைகளையும் கால்நடைகளையும் உள்ளே விடுதல் வேண்டும். சுவரைத் துடைக்கவோ கழுவவோ கூடாது. மருந்து தோலிற் பட்டால் எரிச்சலோ கூச்சமோ தோன்றலாம். சோப்பு நீரால் உடனே கழுவ வேண்டும். கண்ணிற் பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவி, எரிச்சல் தீராவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். குளத்திலோ கிணற்றடியிலோ பம்பைக் கழுவ இடந்தரலாகாது.

மெழுகலால் மறையும் மருந்து

வட பீகாரின் சிற்றூர்களிலும் சந்தால் பர்கனா மாவட்டங்களிலும் மண் சுவரை மண்ணும் சாணமும் கலந்து மெழுகுவது மகளிரின் வழக்கமான பணி. வீட்டின் தூய்மைக்கும் அழகுக்கும் அது அடையாளம். திருமணமோ பண்டிகையோ நெருங்கினால் சுவர் மெழுகப்படாமல் இருப்பதில்லை. முதற் சுற்றுத் தெளிப்பு நடைபெறும் இளவேனிற் காலத்தை ஒட்டியே ஹோலிப் பண்டிகையும் திருமண நாட்களும் வருகின்றன. தெளித்த சில நாட்களில் சுவர் மெழுகப்படுமாயின், மருந்துப் படலம் மண்ணுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. கணக்கேட்டில் அவ்வீடு தெளிக்கப்பட்ட வீடாகவே நிற்கும். மணல் ஈக்கோ அது மருந்தே படாத வீடாகும்.

இவ்வழக்கத்தை அறியாமை என்று கூறி ஒதுக்குவது பொருந்தாது. மருந்து படிந்த சுவரில் கறை தெரிகிறது, வாடை வீசுகிறது, விருந்தினர் வருகின்றனர் என்னும்போது மெழுகுவதே நல்ல இல்லத்தரசியின் செயலாகக் கருதப்படுகிறது. மெழுகாதீர் என்று ஆணையிடுவதைவிட, இன்ன நாளுக்கு முன் மெழுகிவிடுங்கள் என்று சொல்வது எளிதில் ஏற்கப்படும். அவ்வாறு சொல்ல வேண்டுமாயின் தெளிக்கும் நாள் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். அறிவித்த நாளில் குழுவும் வந்து சேர வேண்டும்.

மறுப்புக்குரிய காரணங்கள்

தெளிப்பை முற்றிலும் மறுக்கும் வீடுகளினும் பகுதியளவில் ஏற்கும் வீடுகளே சிக்கலுக்குரியவை. வெளித் திண்ணையும் முன்னறையும் திறந்துவிடப்படும். பூசையறை, அடுப்படி, தானிய அறை, புதுமணத் தம்பதியரின் அறை ஆகியன மூடப்பட்டிருக்கும். மக்கள் உறங்கும் அறையும் மாடு நிற்கும் கொட்டகையுமே மணல் ஈ மிகுதியாகக் காணப்படும் இடங்கள். அவற்றை விடுத்துத் திண்ணையைத் தெளிப்பதால் பயனில்லை.

மறுப்பவர் கூறும் காரணங்கள் பல. ஆடவர் வேலைக்குச் சென்றுள்ள நேரத்தில் அறிமுகமற்ற ஆண்கள் உள்ளறைக்கு வருவதை மகளிர் விரும்புவதில்லை. பூசையறைக்குள் காலணியுடன் நுழைவதை எவரும் ஏற்பதில்லை. மருந்து தெளித்தும் மூட்டைப்பூச்சி சாகவில்லை என்பது பழைய குறை. தெளிப்பின் நோக்கம் மணல் ஈயே என்பதை முன்னரே விளக்காமையால் அக்குறை எழுகிறது. அறிவித்த நாளில் குழு வராமல், எதிர்பாராத மற்றொரு நாளில் வந்து நின்றால், பொருள்களை மீண்டும் ஒருமுறை வெளியேற்ற எவருக்கும் மனம் வருவதில்லை. இவை ஒவ்வொன்றும் நியாயமான காரணமே. முன்யோசனையால் நீக்கத்தக்கவையும் அவையே.

செலவு யாருடையது?

நகரங்களில் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்தடிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களைப் பணம் கொடுத்து அழைக்கும் குடும்பங்கள் உள்ளன. 1968-ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்கின்றன. அக்குடும்பங்கள் முதல் நாளே அலமாரியைக் காலி செய்கின்றன, உணவை அப்புறப்படுத்துகின்றன, வேலை முடியும்வரை உறவினர் வீட்டில் தங்குகின்றன. பணம் தம்முடையது, பயனும் தம்முடையது என்பதே அதற்குக் காரணம்.

கருங்காய்ச்சல் தெளிப்பில் நிலைமை வேறு. மருந்து இலவசமாயினும் ஆயத்தம் இலவசமன்று. பொருள்களை வெளியேற்றி, இரண்டு மணிநேரம் காத்திருந்து, மீண்டும் உள்ளே அடுக்குவதற்கு ஏறத்தாழ அரைநாள் கழிகிறது. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் அந்த அரைநாளுக்கு உரிய இழப்பைப் பெரும்பாலும் பெண்ணே ஏற்கிறாள். பயனோ அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரு வீட்டில் மணல் ஈ அழிந்தால் அண்டை வீட்டாருக்கும் நன்மை. ஒரு வீடு விடுபட்டால் அவர்களுக்கும் தீமை. செலவு ஒருவரையும் பயன் பலரையும் சேரும்போது, ஒவ்வொருவரும் பிறர் செய்யட்டும் என்று இருந்துவிடுதல் பொருளியலில் நன்கு அறியப்பட்ட நிலை. இலக்கு வைத்த வீடுகளில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முழுமையாகத் தெளிக்கப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்துவதும் இக்கருத்துப் பற்றியே.

சிகிச்சைக்கு வரும் கருங்காய்ச்சல் நோயாளிக்குக் கூலி இழப்பை ஈடுசெய்ய அரசு தொகை வழங்குகிறது. தெளிப்பைப் பற்றி வீடுதோறும் எடுத்துரைக்கும் ஆஷா பணியாளருக்குச் சிறு ஊக்கத்தொகை உண்டு. வீட்டைக் காலி செய்யும் குடும்பத்தின் அரைநாளுக்கோ எவ்விதக் கணக்கும் இல்லை. அதற்குப் பணமே தர வேண்டும் என்பதில்லை. அந்த அரைநாள் வீணாகாதபடி பார்த்துக்கொள்வதே நிர்வாகம் செலுத்தத்தக்க முதற் கடன்.

நிர்வாகம் செய்யத்தக்கவை

அறிவித்த நாளை மாற்றாமை முதல் தேவை. பம்பு பழுதுபடுதல், மருந்து வந்து சேராமை, தெளிப்போருக்குக் கூலி நிலுவையாதல் ஆகியவற்றால் நாள் தள்ளிப்போகுமாயின், அன்று மாலைக்குள் மாற்று நாளை ஊராருக்குத் தெரிவித்தல் வேண்டும். அறுவடை நாட்களையும் சந்தை நாட்களையும் விலக்கி நாள் குறித்தல் நலம்.

குழுவுடன் ஆஷா பணியாளரோ ஊர்ப் பெண்ணொருவரோ செல்வதால் உள்ளறைகளின் கதவு திறக்கிறது. பூசையறையின் வாசலில் குழுவினர் காலணியைக் கழற்றி வைத்து, வீட்டார் கூறும் முறைப்படி படங்களை அகற்றும்வரை காத்திருந்தால் மறுப்பு குறைகிறது. முதியோர் தனித்து வாழும் வீட்டில் பெட்டிகளை நகர்த்த உதவும் இளைஞர்களை ஊராட்சி ஏற்பாடு செய்யலாம்.

மதிப்பீட்டில் வீட்டின் எண்ணிக்கையைக் காட்டிலும் அறையின் எண்ணிக்கையையே அடிப்படையாகக் கொள்ளுதல் வேண்டும். இத்தனை வீடுகளுக்குச் சென்றோம் என்னும் அறிக்கை குழுவின் நடையைக் காட்டும். இத்தனை உறங்கும் அறைகளும் கொட்டகைகளும் முழுமையாகத் தெளிக்கப்பட்டன என்னும் அறிக்கையே மணல் ஈயின் நிலையைக் காட்டும். தெளித்த சில வாரங்களுக்குப் பின் மேற்பார்வையாளர் ஒருமுறை சென்று, எத்தனை சுவர்கள் மெழுகப்பட்டுள்ளன என்று பார்த்தல் அடுத்த சுற்றுக்கு நல்ல வழிகாட்டியாகும்.

நெடுங்காலத் தீர்வு மண் சுவரின் இடத்தில் வெடிப்பற்ற சுவரை எழுப்புவதே. பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்தின்கீழ் கருங்காய்ச்சலுக்கு ஆளான குடும்பங்களுக்கு உறுதியான வீடுகள் கட்டித்தர பீகாரிலும் ஜார்க்கண்டிலும் நடவடிக்கை எடுக்கப்பட்டது இந்நோக்கத்தினாலேயே. மாட்டுக் கொட்டகையை வீட்டிலிருந்து சற்றே விலக்கி அமைப்பதும் அதனோடு சேர்ந்த பணியாகும். எல்லா வீடுகளும் அந்நிலையை எய்தும்வரை தெளிப்பு தவிர்க்க முடியாதது.

அண்டை நாடான வங்காள தேசம் கருங்காய்ச்சலைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. உலகிலேயே அச்சான்றைப் பெற்ற முதல் நாடு அதுவே. இந்தியாவில் இப்போது நோயாளிகள் சிலரே. கருங்காய்ச்சல் தீர்ந்த பின்னரும் சிலருக்குத் தோலில் திட்டுகளாகத் தோன்றும் நோய், மணல் ஈ இருக்குமிடத்தில் மீண்டும் ஒரு சங்கிலியைத் தொடங்கவல்லது. நோயாளி ஒருவரும் இல்லாத ஊரிலும் வெறுமையாக்கப்பட்ட சுவர் வேண்டும் என்பதை எடுத்துரைப்பது எளிய செயலன்று. சொன்ன நாளில் சொன்னபடி வந்து, காலி செய்த ஒவ்வோர் அறையையும் முழுமையாகத் தெளித்துச் செல்லும் குழு, அடுத்த சுற்றுக்கு வரும்போது அவ்வீட்டின் கதவு திறந்திருப்பதைக் காணும்.